செருப்புக் கடைக்குப் போகுமுன் தரையைப் பாருங்கள்: நெல்லைச் சீமையில் ஈரத் தளங்களில் நடக்க வருவோருக்கு

திருநெல்வேலிப் பக்கம் புதிதாக வேலைக்கு வருகிறவர் சேர்ந்த இடம் அல்வாக் கடையின் பின்கட்டாக இருக்கலாம், கல்யாண மண்டபத்து ஆக்குப்புரையாக (சமையல் கொட்டகை) இருக்கலாம், உவரி, கூட்டப்புளி போன்ற கடற்கரை ஊர்களின் மீன் ஏலம் நடக்கும் இடமாகவும் இருக்கலாம். எதுவானாலும், அங்கே தரை காய்ந்திருக்கும் நேரம் மிகக் குறைவு என்பதை அவர் முதல் வாரத்திலேயே அறிந்துகொள்வார். பழகியவர்கள் அந்த ஈரத்தில் பேசிக்கொண்டே நடந்துபோவார்கள். எந்த இடத்தில் எப்படிக் காலை ஊன்ற வேண்டும் என்பது அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும். புதியவருக்கு அது கைவரும்வரை காலணியும் கவனமும்தான் துணை. வேலைக்கு வருகிறவர்களை மனத்தில் வைத்தே இக்கட்டுரை எழுதப்பட்டாலும், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்க வேண்டிய படித்துறை, அருவி, கோயில் ஆகியவற்றையும் இதில் சேர்த்திருக்கிறேன்; தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு அவற்றை விட்டுவிட்டு வழுக்கலைப் பற்றிப் பேச முடியாது.

முதல் வேலை: தரையைத் தெரிந்துகொள்ளுதல்

எந்தத் தரையிலும் வழுக்காத செருப்பு என்று ஒன்று கிடையாது. காலணியின் அடிப்பாகம், அது மிதிக்கிற தரை, இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற தண்ணீரோ நெய்யோ சேறோ ஆகிய மூன்றும் சேர்ந்துதான் பிடிப்பைத் தீர்மானிக்கின்றன. ஆகவே கடைக்குப் போகுமுன், வேலை செய்யப்போகும் இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

பார்க்க வேண்டியவை சிலவே. தரை எந்தப் பொருளால் ஆனது என்பதை முதலில் பாருங்கள். துடைப்பத்தால் கீறிவிட்ட சொரசொரப்பான சிமெண்டுத் தளம் ஈரத்திலும் ஓரளவு காலைப் பிடிக்கும். பளபளப்பாக மெருகேற்றிய டைல்ஸும் தேய்ந்துபோன கடப்பாக் கல்லும் தண்ணீர் பட்டால் பிடியை விட்டுவிடும். அடுத்து, அந்தத் தரையில் வழக்கமாக என்ன சிந்துகிறது என்று பாருங்கள். வெறும் தண்ணீர் ஒரு வகை, சோப்புத் தண்ணீர் வேறொரு வகை, நெய்யும் எண்ணெயும் இன்னொரு வகை. கோதுமைப் பாலும் சோற்றுக் கஞ்சியும் காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும், மறுபடி நனைந்தால் வழவழக்கும். மீனின் கோழையும் செதிலும் சேர்ந்த தரைக்கு இரண்டு மடங்கு எச்சரிக்கை வேண்டும். கடைசியாக, தண்ணீர் எந்தப் பக்கம் வாட்டமாக ஓடுகிறது, அங்கணத்தின் (கழிவுநீர் வெளியேறும் இடம்) வாயில் தேங்குகிறதா, காய்ந்த தரை எந்த இடத்தில் முடிந்து ஈரத்தரை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. முழுவதும் ஈரமான தரையில் யாரும் தாமாகவே மெதுவாகத்தான் நடப்பார்கள். காய்ந்த தார்சாவிலிருந்து (முன்கூடம்) வேகமாக வந்து, கழுவிவிட்ட அடுக்களைக்குள் அதே வேகத்தில் முதல் அடியை வைக்கும்போதுதான் ஆள் விழுகிறார். அந்த எல்லையில் தண்ணீரை உறிஞ்சக்கூடிய, அடியில் ரப்பர் வைத்த மிதியடி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். பழைய சாக்கை விரிப்பது நம் ஊர் வழக்கம்தான். ஆனால் டைல்ஸ் மேல் கிடக்கும் ஈரச் சாக்கு காலோடு சேர்ந்து நகர்ந்துவிடும், மடிந்த ஓரம் காலைத் தட்டிவிடும். சாக்குப் போடுவதைவிடப் போடாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

அடிப்பாகத்தில் எதைப் பார்க்க வேண்டும்

நடக்கும்போது முதலில் தரையைத் தொடுவது குதிகாலின் பின் ஓரம். பெரும்பாலான வழுக்கல் அந்த நொடியில்தான் தொடங்குகிறது. அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட நீர் அல்லது எண்ணெய்ப் படலம் வெளியேற வழியில்லாவிட்டால், குதிகால் அந்தப் படலத்தின் மேல் ஏறி முன்னோக்கிச் சறுக்கும், ஆள் மல்லாந்து விழுவார். காலணியின் அடியில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் அந்தப் படலம் ஓடி வெளியேறுவதற்காகவே இருக்கின்றன. மழைச் சாலையில் லாரி டயரின் வெட்டுகள் செய்யும் வேலையை இங்கே இவை செய்கின்றன. பள்ளங்கள் நடுவிலேயே அடைபட்டு நின்றுவிடாமல் ஓரம்வரை திறந்திருக்க வேண்டும். வெட்டுகளின் விளிம்பு உருண்டையாக இல்லாமல் கூர்மையாக இருக்க வேண்டும். சிறிய சிறிய கட்டங்கள் பல திசைகளிலும் அமைந்திருப்பது சமையல்கூடத்துக்கு ஏற்றது. மலையேற்ற ஷூவில் இருப்பதைப் போன்ற பெரிய பற்கள் சேற்றுக்கு நல்லவை. வழவழப்பான டைல்ஸில் அவை தரையைத் தொடும் பரப்பு குறைவு என்பதால் அங்கே அவற்றால் பயனில்லை.

வடிவத்துக்கு அடுத்தது பொருள். மென்மையான ரப்பர் தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அழுந்திப் பிடிக்கும். கெட்டியான பிவிசி அப்படி அழுந்தாது, நாள் ஆக ஆக இன்னும் கெட்டிப்படும். எண்ணெய் புழங்கும் இடத்தில் சாதாரண ரப்பர் எண்ணெயை உறிஞ்சி உப்பி உருக்குலையும் என்பதால் நைட்ரைல் ரப்பர் அடிப்பாகம் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் போடுகிற ஹவாய்ச் செருப்பை வேலைக்குப் போட்டுப்போவது இங்கே பரவலான பழக்கம். அதன் அடி சீக்கிரம் தேய்ந்து மழமழவென்று ஆகிவிடும், வார் பிய்ந்தால் கால் தடுமாறும், நனைந்த பாதம் செருப்புக்குள்ளேயே வழுக்கும். மூன்றும் சேர்ந்த ஒன்றை வெந்நீரும் எண்ணெயும் கொதிக்கும் இடத்துக்குள் அணிந்து போகக்கூடாது.

கம்பூட் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காலை நனையாமல் காப்பதும் வழுக்காமல் காப்பதும் வேறு வேறு. கடைகளில் கிடைக்கும் பல கம்பூட்டுகளின் அடி கெட்டியான பிவிசிதான். முழங்கால் வரை உயர்ந்திருப்பதைப் பார்த்து நம்பிவிடாமல் அதையும் திருப்பிப் பாருங்கள்.

கடையில்

டவுன் ரதவீதிகளிலும் ஜங்ஷனிலும் பாளை மார்க்கெட்டைச் சுற்றியும் செருப்புக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் வேலைக்கு உரிய பாதுகாப்பு ஷூவை ஹார்டுவேர் சாமான்களும் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான்களும் விற்கும் கடைகளில் கேட்பது எளிது. மாலையில் போங்கள், நாள் முழுதும் நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுக்கு வாங்கினால்தான் வேலை நேரத்தில் இறுக்காது. வேலையில் போடப்போகும் காலுறையையும் எடுத்துச் செல்லுங்கள். குதிகால் ஷூவுக்குள் மேலும் கீழும் ஏறி இறங்கினால் அந்த அளவு வேண்டாம், எவ்வளவு நல்ல அடிப்பாகமாக இருந்தாலும் சரி.

பாதுகாப்பு ஷூவுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 15298. ஷூவின் நாக்கிலோ உட்புறத்திலோ ஐஎஸ்ஐ முத்திரையோடு அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 20345 என்ற உலகத் தரத்தின் 2011 பதிப்பின்படி செய்தவற்றில் எஸ்ஆர்ஏ, எஸ்ஆர்பி, எஸ்ஆர்சி என்ற எழுத்துகள் இருக்கும். சோப்புக் கரைசல் ஊற்றிய பீங்கான் ஓட்டில் சோதித்துத் தேறியது எஸ்ஆர்ஏ. கிளிசரின் தடவிய எஃகுத் தகட்டில் தேறியது எஸ்ஆர்பி. இரண்டிலும் தேறியது எஸ்ஆர்சி. 2022 பதிப்பில் இம்மூன்றையும் எடுத்துவிட்டார்கள். சோப்புக் கரைசல் சோதனை எல்லா ஷூவுக்கும் பொது நிபந்தனையாகிவிட்டது, கிளிசரின் தடவிய பீங்கான் ஓட்டிலும் தேறியதற்கு எஸ்ஆர் என்று மட்டும் போடுகிறார்கள். சந்தையில் இரண்டு வகை முத்திரையும் கலந்தே கிடைக்கும்.

இந்த எழுத்துகளைப் பார்த்து மயங்கிவிடவும் வேண்டாம். தரை காலணியைப் பிடிக்கும் வலிமையை உராய்வுக் குணகம் என்ற எண்ணால் அளக்கிறார்கள். பாதம் தட்டையாக ஊன்றும் நிலையில் எஸ்ஆர்ஏ தேற 0.32 வேண்டும், எஸ்ஆர்பி தேற 0.18 போதும். அதாவது, தேறிய ஷூவாக இருந்தாலும் பசை படிந்த எஃகுத் தகட்டில் அது தரவேண்டிய பிடிப்பு, சோப்புநீர் ஓட்டில் தரவேண்டியதில் ஏறக்குறைய பாதிதான். நெய் சிந்திய இடத்தில் முத்திரையை நம்பி ஓட முடியாது.

விற்பவர் சொல்லும் இன்னொரு சொல்லிலும் கவனம் தேவை. ‘ஆயில் ரெசிஸ்டன்ட்’ என்றால் எண்ணெய் பட்டு அடிப்பாகம் கெட்டுப்போகாது என்றுதான் பொருள். எண்ணெயில் வழுக்காது என்று அதற்குப் பொருள் இல்லை. ‘ஸ்லிப் ரெசிஸ்டன்ட்’ என்று தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

எழுத்து எதுவும் இல்லாத சாதாரணக் காலணிதான் கைக்கு எட்டுகிறது என்றால், அடிப்பாகத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் சற்றே பதிந்து மீள வேண்டும். கடைக்காரர் அனுமதித்தால் கடையின் டைல்ஸில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, காலணியைக் கையால் அழுத்தி முன்னால் தள்ளிப் பாருங்கள். இரண்டு மூன்று ஜோடிகளை அடுத்தடுத்து அப்படித் தள்ளிப் பார்த்தால் வேறுபாடு கைக்கே தெரிந்துவிடும். சமையல் வேலைக்கு விரல்கள் மூடிய, மேலே ஓட்டை இல்லாத, குதிகாலையும் பிடித்துக்கொள்ளும் காலணியாக இருக்கட்டும்.

வாங்கிய அன்றே ஈரத்தரையில் போட வேண்டாம். அச்சிலிருந்து ரப்பரைக் கழற்றுவதற்காகப் பூசிய வழவழப்புப் பூச்சு புதிய அடிப்பாகத்தில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஓரிரு நாள் தெருவில் நடந்து, பிறகு வேலைக்குக் கொண்டுபோங்கள்.

வேலையிடத்தில்: நெய்யும் வெந்நியும்

அல்வா கிண்டும் இடத்தைக் கிட்டத்தில் பார்த்தால் வழுக்கலின் கணக்கு முழுவதும் விளங்கும். ஊறவைத்த கோதுமையை அரைத்துப் பாலெடுக்கும் மூலையில் தரை முழுதும் வெள்ளையாக மாவுநீர் பரவியிருக்கும். அடுப்படியில், சர்க்கரைப் பாகில் விழுந்த பால் இறுகி, ஊற்றிய நெய்யைக் கக்கத் தொடங்கும் நேரத்தில், கிண்டுகிற துடுப்பிலிருந்து தெறிக்கும் துளிகள் வாணலியைச் சுற்றி ஒரு வட்டமாக விழும். கிண்டுகிறவர் நிற்பதும் சுற்றி வருவதும் அந்த வட்டத்தின் மேல்தான். மாவுநீரை மிதித்த கால் நெய் வட்டத்துக்குள் வரும்போது அடிப்பாகத்தின் பள்ளங்கள் பசையால் அடைந்திருக்கும். அதன் பிறகு எந்த ஷூவும் வெறும் தட்டைப் பலகைதான். எனவே அடுப்படிக்குள் வருமுன் காலணியின் அடியைத் தேய்த்துவிட்டு வர, வாசலில் ஒரு கெட்டியான தேங்காய்நார் மிதியடி இருக்க வேண்டும்.

நெய் சிந்தினால் செய்ய வேண்டியதைப் புதியவர் முதல் நாளே கற்றுக்கொள்ள வேண்டும். அந்த இடத்தை விட்டு நகராமல் மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கெட்டியாக உறைந்ததைத் தகட்டால் வழித்தெடுங்கள். மிச்சத்தின் மேல் காய்ந்த தவிட்டைத் தூவி, அது ஊறியதும் கூட்டி அள்ளுங்கள். அடுப்புக்கு அருகில் தவிடும் மரத்தூளும் தீப்பற்றும் என்பதால் அங்கே மணலையோ நன்றாக ஆறிய உமிச் சாம்பலையோ பயன்படுத்துங்கள். அதற்குப் பிறகே வெந்நீரும் சோப்பும். அவசரத்தில் பச்சைத் தண்ணீரை வாளியோடு கொட்டுகிற பையனைப் பார்த்து, “ஏல தம்பி, பச்சத் தண்ணிய ஊத்தாத, நெய்யி தரை பூரா பரந்துரும், வெந்நி கொண்டா” என்று மாஸ்டர் சத்தம் போடுவது காரணத்தோடுதான். ஒரு முழ அகலத்தில் கிடந்த நெய்யைப் பச்சைத் தண்ணீர் அறை முழுக்க மெல்லிய படலமாக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம், கண்ணுக்குத் தெரிந்த நெய்யைவிட மோசமானது. கழுவிய பின் வைப்பரால் தண்ணீரைத் தள்ளி, காய்ந்த துணியால் துடைத்து முடிக்கும்வரை அந்த இடத்தில் ஒரு முக்காலியைக் குறுக்கே வைத்துவிடுங்கள்.

தரை முழுவதையும் கழுவும்போது பாதியைக் கழுவிக் காயவிட்டுப் பிறகு மறுபாதியைக் கழுவினால், நடப்பதற்கு எப்போதும் ஒரு காய்ந்த வழி இருக்கும். பாசியும் கறையும் போகப் பிளீச்சிங் பவுடர் நல்லது. ஆனால் அதோடு கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் என்ற நச்சுவாயு கிளம்பும்.

கல்யாண வீட்டு ஆக்குப்புரையில் நிலைமை வேறு. தவசிப்பிள்ளைகள் (சமையல்காரர்கள்) பலர் வெறுங்காலில்தான் வேலை செய்வார்கள். அடுப்புக்கு முன் செருப்போடு நிற்பதை மரியாதைக் குறைவாகக் கருதுகிற பெரியவர்களும் உண்டு. அவர்களோடு வாதாடுவதைவிட, வடிதட்டிலிருந்து கஞ்சி ஓடும் வழியை ஒரு பக்கமாக ஒதுக்குவதும், சாம்பார் அண்டாவைத் தனியாகத் தூக்காமல் இருவராகக் கம்பு கொடுத்துத் தூக்குவதும், தூக்கிப்போகும் வழியை முன்கூட்டியே ஒருவர் துடைத்துவைப்பதும் பலன் தரும். வெறுங்காலும் எண்ணெய்த் தரையும் சேர்ந்த இடத்தில் கொதிக்கிற பாத்திரத்தோடு நடப்பதுதான் உண்மையான ஆபத்து. விழுவதைவிட, விழும்போது மேலே கொட்டுவதே உயிருக்கு உலை வைக்கும்.

சம்பளத்துக்கு வேலை செய்யும் இடத்தில் இதையெல்லாம் கேட்பது முறையா என்று தயங்க வேண்டியதில்லை. தொழிற்சாலைகளுக்காக 1948-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் 32-ஆம் பிரிவே, தரையும் படியும் நடைவழியும் வழுக்கச் செய்யும் பொருள்கள் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விதித்தது. உங்கள் கடை அளவில் சிறியதாக இருந்தாலும், அதே நியாயத்தை முதலாளியிடம் மரியாதையாகச் சொல்லலாம். புதிதாகத் தளம் போடப்போகிறார் என்றால், டைல்ஸ் பெட்டியில் ஆர்9 முதல் ஆர்13 வரை உள்ள குறியீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் ஆளை நடக்கவைத்து, எவ்வளவு சரிவுவரை வழுக்காமல் நிற்கிறார் என்று பார்த்துக் கொடுக்கும் குறியீடு அது. ஆர்9 என்பது குறைந்த பிடிப்பு. சமையல்கூடத்துக்கு ஆர்11-க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

நடையிலும் ஒரு பயிற்சி உண்டு. அடியைச் சிறிதாக வையுங்கள். குதிகாலை முதலில் குத்தாமல் பாதத்தைத் தட்டையாக ஊன்றுங்கள். முழங்காலைச் சற்றே தளர்த்தி, உடல் எடையை ஊன்றிய காலின் மேல் கொண்டுவந்த பிறகு அடுத்த காலை எடுங்கள். திரும்பும்போது ஒரே காலில் சுழலாமல் சிறு வளைவாகச் சுற்றித் திரும்புங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை அடிப்பாகத்தைப் பிரஷ்ஷால் தேய்த்து, பள்ளத்தில் அடைந்ததை எடுத்துவிடுங்கள். வெயிலில் போட்டுக் காய்ச்சாமல் நிழலில் உலர்த்துங்கள். குதிகால் ஓரத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பள்ளமே இல்லாமல் தேய்ந்துவிட்டால், மேல்பாகம் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அந்தக் காலணியின் வேலை முடிந்துவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கும் இடங்கள்

குறுக்குத்துறையிலோ பாபநாசத்திலோ படித்துறையில் குளிக்க இறங்குகிறவர், மேலே இருக்கும் காய்ந்த படிகளைப் பார்த்துக் கீழ்ப்படியை எடைபோடக்கூடாது. நீர்மட்டம் ஏறி இறங்கும் அந்த இரண்டு மூன்று படிகளில்தான் பாசி பிடிக்கும். கோடையில் நீர் விலகும்போது அந்தப் பாசி கருப்பாகக் காய்ந்து சொரசொரப்பாகத் தோன்றும்; அணையில் தண்ணீர் திறந்துவிட்டு மறுபடி நனைந்தவுடன் வழவழக்கும். துணி துவைக்கும் இடத்துக்கு நேர் கீழே உள்ள படிகளில் சோப்புநீர் வடிந்துகொண்டே இருக்கும் என்பதால் அதற்கு மேல்பக்கமாகத் தள்ளி இறங்குங்கள். ஊர்க்காரர்கள் எந்த வழியாக இறங்குகிறார்களோ அந்த வழி, பலர் மிதித்துப் பாசி தேய்ந்த வழியாக இருக்கும். பக்கவாட்டில் திரும்பி, இரண்டு காலும் ஒரே படியில் சேர்ந்த பிறகு அடுத்த படிக்கு இறங்குவதே சரியான முறை. தண்ணீருக்குள் இருக்கும் படியைக் காலால் தடவிப் பார்க்காமல் எடையைக் கொடுக்க வேண்டாம்.

தற்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கும் குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் போகிறவர்கள், எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவதை ஒரு சுகமாகவே வைத்திருந்தார்கள். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த இப்போது தடை இருக்கிறது. தண்ணீர் மாசுபடுவதுதான் அதற்குக் காரணம் என்றாலும், வழுக்கலைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கும் அது வரவேற்கத்தக்க தடையே. எண்ணெய்ப் பாதம், பாசிப் பாறை, மேலிருந்து தலையை அழுத்தும் நீர் மூன்றும் சேர்ந்தால் நிற்பதே கடினம். கம்பியைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய், பிடித்துக்கொண்டே வெளியே வாருங்கள். தடுப்புக்கு வெளியே உள்ள பாறைகளில் ஏறவே வேண்டாம். அங்கே எந்தச் செருப்பும் எந்தத் திறமையும் கணக்கில் வராது.

கோயிலில் விளக்கேற்றும் இடத்தையும் எண்ணெய்க் காப்பு நடக்கும் சன்னதியின் முன்பக்கத்தையும் மட்டும் கவனித்தால் போதும். வெயிலுக்காகத் தண்ணீர் தெளித்த பிரகாரக் கல்லில் கால் சுடுகிறதே என்று ஓடத் தோன்றும்; நிழல் இருக்கும் ஓரமாக நடந்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் வரப்பில் நடக்க நேர்ந்தால், தட்டையான செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, விரல்களை மண்ணில் ஊன்றி நடப்பதுதான் பாதுகாப்பு. ஆனால் காலில் புண் இருப்பவரும், நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவரும் வெறுங்காலில் சேற்றில் இறங்கக்கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழைக்குப் பின் பட்டவர்களுக்குத் தெரியும், வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் டைல்ஸ் மேல் படியும் வண்டல் எப்படி வழுக்கும் என்பது. அதைக் காயவிட்டுச் சுரண்டுவதைவிட, ஈரமாக இருக்கும்போதே வாசலில் தொடங்கி, வழித்து வெளியே தள்ளியபடி உள்நோக்கிப் போனால், நிற்பதற்குச் சுத்தமான தரை எப்போதும் காலடியில் இருக்கும்.

விழுந்துவிட்டால்

கை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு முறியக்கூடும். முடிந்தவரை முழங்கையை மடக்கி, தாடையை நெஞ்சோடு சேர்த்து, பக்கவாட்டில் சரியப் பாருங்கள். கையில் இருப்பது பாத்திரமோ செல்போனோ, விட்டுவிடுங்கள். வேறொருவர் விழுந்தால், தூக்க ஓடுகிறவரும் அதே எண்ணெயில் விழுவது வழக்கமாக நடப்பது என்பதால், முதலில் உங்கள் கால் நிற்கும் இடத்தைப் பாருங்கள். விழுந்தவரை உடனே கையைப் பிடித்து எழுப்ப வேண்டாம். தானாக அசைக்க முடிகிறதா என்று கேளுங்கள். வயதானவர் எழ முடியாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-க்குச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, மயக்கம், குழறல், கூடிக்கொண்டே போகும் தலைவலி இவற்றில் ஒன்று வந்தாலும், அல்லது அவர் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தாலும், வெளிக்காயம் எதுவும் இல்லையென்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகில் அவசரப் பிரிவு உள்ள வேறு மருத்துவமனைக்கோ அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.